படகின் ஓரச்சட்டம்: மறைப்பதா, திருத்துவதா?

வடநோர்வேயின் பின்மார்க் கரையோரக் கிராமங்களுக்கும் எமது மக்களுக்கும் உள்ள தொடர்பு 1980களில் மீன் தொழிற்சாலைகளில் தொடங்கியது. அப்படியான ஒரு கிராமத்தில் அண்மையில் குடியேறிய நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து, பதினெட்டு அடி நீளமான பழைய பைபர் கிளாஸ் படகொன்றை வாங்கினோம். கோடையில் வீட்டுத் தேவைக்குக் கொட் மீன் பிடிக்கலாம், பிள்ளைகளையும் கடலுக்குக் கூட்டிச் செல்லலாம் என்பதே எமது எண்ணம்.

அந்தப் படகை முதற் கோடையிலேயே இழக்கப் பார்த்தோம். புயலோ இயந்திரக் கோளாறோ காரணமல்ல. நாங்கள் கயிறு கட்டிய விதந்தான் காரணம்.

யாழ்ப்பாணக் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. இங்கோ ஆறு மணித்தியாலத்துக்குள் கடல் இரண்டு, மூன்று மீற்றர் ஏறிவிடும். இதை அறியாமல், வற்று நேரத்தில் மரத்தூண் இறங்குதுறையில் படகைக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டோம். கடல் ஏறியபோது படகின் ஓரம் துறையின் குறுக்கு மரமொன்றின் கீழ் சிக்கிக்கொண்டது. மாலையில் வந்து பார்த்தால், இடது பக்க ஓரச்சட்டம் இரண்டு மீற்றர் அளவுக்குப் பிய்ந்து தொங்கியது.

ஓரச்சட்டம் என்பது படகின் மேல்விளிம்பைச் சுற்றி ஓடும் தடித்த பட்டி. மரத்தாலோ இறப்பராலோ பி.வி.சி.யாலோ செய்யப்பட்டிருக்கும். நோர்வேஜியர் அதனைப் 'பெண்டர்லிஸ்ற்' என்பார்கள். படகு துறையிலோ இன்னொரு படகிலோ மோதும்போது அடியை அதுதான் வாங்குகிறது. பைபர் கிளாஸ் படகில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. கீழுடலும் மேற்பகுதியும் தனித்தனியாக வார்க்கப்பட்டு, பின்னர் ஒன்றாகப் பொருத்தப்படுகின்றன. அந்தப் பொருத்தின் மேல்தான் பெரும்பாலும் இச்சட்டம் ஓடுகிறது.

இது எங்களுக்குத் தெரியாது. அழகுக்குப் போட்ட பட்டி என்றே நினைத்தோம். தொங்கியதை அழுத்திப் பிடித்து, கடையில் வாங்கிய சிலிக்கனைப் பூசி, பழைய ஸ்குறூக்களையே திரும்ப இறுக்கினோம். வெளியிலிருந்து பார்க்க எந்தக் குறையும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளுடன் புறப்பட்டோம். காற்று சற்றுக் கூடி, அலை பக்கவாட்டில் அடித்தது. சிறிது நேரத்தில் ஒரு பிள்ளை, "அப்பா, என்ரை சப்பாத்துக்குள்ளை தண்ணி" என்றது. குனிந்து பார்த்தால் தரைப்பலகைக்கு மேல் தண்ணீர். வாளியால் இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தோம். நடுக்கோடையிலும் இந்தக் கடலின் வெப்பம் பத்துப் பாகையை ஒட்டியே இருக்கும். அதற்குள் விழுந்தவர் நீந்தத் தெரிந்தவராயினும் விரைவிலேயே கைகால் இயங்காமற் போய்விடுவார். அன்றிரவு எங்களில் ஒருவரும் சரியாக உறங்கவில்லை.

மறுநாள், முன்னாள் மீனவரான பக்கத்து வீட்டு நோர்வே முதியவரிடம் சொன்னோம். சட்டம் முழுவதையும் கழற்றாமல் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார் அவர். அதைக் கேள்வியுற்று வந்தவர், எங்கள் ஊரில் எல்லோரும் 'மாமா' என்று அழைக்கும் பெரியவர். மீன் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர் என்று மட்டுமே அவரை அறிந்திருந்தோம். விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பியவை, உதை மூடினது பிழை. உள்ளுக்கை பாக்கவேணும். நான் சீநோரிலை படகு கட்டினவன்" என்றார்.

1956இல் நோர்வேக்கு வந்த அன்ரனி இராஜேந்திரம், யாழ்ப்பாண மீனவரின் முன்னேற்றத்துக்காக நோர்வே நண்பர்களுடன் சேர்ந்து 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய நிறுவனமே சீநோர். காரைநகரில் அதன் படகுத்தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் இருந்தன. அந்தத் தளத்தில் பழகிய கை, இங்கே இத்தனை ஆண்டுகள் மீன்பெட்டி தூக்கியிருக்கிறது. நாங்கள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

படகைக் கரையேற்றிச் சட்டத்தைக் கழற்றினோம். பல ஸ்குறூக்கள் துருவேறிக் கையோடு முறிந்து வந்தன. துளைகளிலிருந்து தண்ணீர் வடிந்தது. சட்டம் பிய்ந்த இடத்தில் கீழுடலும் மேற்பகுதியும் ஒரு முழ நீளத்துக்குப் பிரிந்திருந்தன. அலை அடித்த ஒவ்வொரு முறையும் தண்ணீர் புகுந்தது அந்த வழியால்தான்.

வேலை நடந்த ஒழுங்கை, பழைய படகு வாங்க எண்ணும் குடும்பங்களுக்காகத் தருகிறோம்.

முதலில், பழைய சிலிக்கனை ஒரு துளியும் இல்லாமல் சுரண்டி எடுக்க வேண்டும். அது இருக்கும் இடத்தில் வேறெந்தப் பசையும் பிடிக்காது. எங்களுக்கு இரண்டு மாலைகள் இதற்கே போயின. தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித்தூள் நுரையீரலுக்குக் கேடு. முகமூடி, கண்ணாடி, நீளக்கைச் சட்டை அவசியம்.

இரண்டாவது, விளிம்பைச் சுற்றிக் கைப்பிடியால் தட்டிக் கேட்க வேண்டும். கணீரென்ற ஒலி மங்கும் இடத்தில் உள்ளே ஈரமோ உக்கலோ இருக்கலாம்.

மூன்றாவது, நன்றாகக் காயவிட்டு, பிரிந்த பொருத்தையும் பழைய துளைகளையும் தடிப்பாக்கிய எப்பொக்சியால் நிரப்ப வேண்டும். குளிரில் எப்பொக்சி இறுகாது. ஆகவே கோடையின் வெப்பமான நாட்களையே தெரிவு செய்தோம்.

நான்காவது, புதிய துளைகளைப் பதினைந்து சென்ரிமீற்றர் இடைவெளியில் போட வேண்டும். ஸ்குறூக்கள் கடலுக்கு உகந்த ஏ4 வகைத் துருப்பிடியா உருக்காக இருக்கட்டும். சாதாரண இரும்பு வேண்டவே வேண்டாம்.

ஐந்தாவது, பி.வி.சி. சட்டத்தைச் சுடுநீரில் போட்டு இளக்கி, ஒரு பின்மூலையில் தொடங்கி, அணியத்தைச் சுற்றி, மறு பின்மூலைவரை இழுத்துப் பிடித்துப் பொருத்த வேண்டும். அடியில் கடலுக்கான பொலியூரத்தேன் பசையை இடைவிடாமல் பூச வேண்டும். நுனியைக் கடைசியிலேயே வெட்ட வேண்டும்.

பதின்மூன்று மீற்றர் சட்டத்தைத் தனியாளாகப் பிடிக்க முடியாது. ஒருவர் இழுக்க, ஒருவர் அழுத்த, ஒருவர் துளைக்க வேண்டும். பக்கத்து வீட்டு முதியவர் தன் மகனையும் அழைத்து வந்தார். ஊரே கூடிச் செய்யும் இவ்வகை வேலைக்கு நோர்வேஜியர் 'டுக்னாட்' என்பார்கள். சூரியன் மறையாத யூலை இரவில் பதினொரு மணிக்கும் வேலை நடந்தது. எங்கள் வீடுகளிலிருந்து தேநீரும் வடையும் வந்தன. வழக்கமாக அதிகம் பேசாத மாமா அன்று எல்லோருக்கும் கட்டளையிட்டார். எங்களோடு அந்த முதியவரும் கேட்டு நடந்தார்.

நான்கு நாள் காயவிட்டு, தண்ணீர்க் குழாயால் விளிம்பெங்கும் பீய்ச்சிப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டும் இல்லை. அதன் பிறகே பிள்ளைகளை ஏற்றினோம். இப்போது படகை மிதக்கும் துறையிலேயே கட்டுகிறோம். அது கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

சட்டங்கள் இரண்டையும் நினைவிற் கொள்ளுங்கள். 8 மீற்றருக்குக் குறைந்த பொழுதுபோக்குப் படகு ஓடும்போது வெளியே இருப்பவர் அனைவரும் மிதவை அங்கி அணிய வேண்டும். இது 2015 மே 1 முதல் நடைமுறை. 1980 யனவரி 1இலோ அதன் பின்னரோ பிறந்தவர், 8 மீற்றருக்கு மேற்பட்ட படகையோ 25 குதிரைவலுவுக்கு மேற்பட்ட இயந்திரத்தையோ செலுத்த அனுமதிப் பத்திரம் தேவை.

புதிதாக வந்த நாட்டில் நம் குறையை அயலவர் காணக்கூடாது என்ற எண்ணம் எங்களுக்கும் இருந்தது. சிலிக்கன் பூசியதும் அந்த எண்ணத்தால்தான். அது எங்கள் பிள்ளைகளின் உயிரையே கொண்டு போயிருக்கும். படகு வாங்கினால் முதலில் ஓரச்சட்டத்தைப் பாருங்கள். தெரியாததை அயலவரிடம் கேளுங்கள். உங்கள் ஊரிலும் ஒரு மாமா இருக்கக்கூடும்.