மஞ்சள் தந்த பாடம்



சென்ற திங்கள் ஒரு மாலை நேரம். வெளியே பெங்களூர்த் தூறல். பொறியியல் பயிலும் நண்பர் ஒருவர், தாமே செய்த சிறு கருவி ஒன்றை விடுதியில் என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். அது என்ன கருவி என்பதை இங்கே கூறமாட்டேன். காரணம் பின்னர் விளங்கும்.

"வெள்ளிக்கிழமை கல்லூரிக் கண்காட்சியில் இதை வைக்கிறேன். அம்மாவும் ஓசூரிலிருந்து வருகிறார்கள்" என்றார். முகமெல்லாம் மகிழ்ச்சி.

நான் சட்டம் பயில்கிறவன். "காப்புரிமைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டாயா?" என்று கேட்டேன்.

"அதற்கு என்ன அவசரம்? முதலில் நாலு பேர் பார்க்கட்டும்" என்றார்.

அப்போது அவருக்குச் சொன்ன மஞ்சள் வழக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

புண்ணை ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. பெற்றவர்கள் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த இருவர். அடுப்பங்கரையில் விரல் அறுபட்டால் நம் வீடுகளில் அப்புவது அந்த மஞ்சளைத்தான் அன்றோ? "இது எங்கள் பாட்டிக்கே தெரியுமே!" என்று நாம் கூவலாம். ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டம், அயல்நாட்டில் வாய்வழி வழங்கும் அறிவைக் கணக்கில் கொள்ளவில்லை. அச்சேறிய சான்றையே கேட்டது.

மஷேல்கர் தலைமையில் இருந்த நம் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் 1996-இல் அந்த உரிமையை எதிர்த்தது. முப்பத்திரண்டு சான்றுகளைத் தேடித் திரட்டியது. பழைய வடமொழி நூற்பகுதிகள் அவற்றுள் இருந்தன. இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953-இல் வெளியான கட்டுரை ஒன்றும் இருந்தது. 1997-இல் அந்தக் காப்புரிமை செல்லாதென அறிவிக்கப்பட்டது. சித்த மருத்துவம் உள்ளிட்ட நம் மரபு அறிவைத் தொகுத்து வைக்கும் மின்னூலகம் 2001-இல் தொடங்கப்பெற்றதற்கும் இத்தகைய வழக்குகளே தூண்டுகோல்.

அந்த உரிமை வீழ்ந்தது ஏன்? காப்புரிமைக்கு மூன்று தகுதிகள் வேண்டும். பொருள் புதியதாக இருக்கவேண்டும், துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததாக இருக்கவேண்டும், தொழிலுக்குப் பயன்படவேண்டும். உலகம் முன்பே அறிந்தது புதியதாகாது.

"நல்லதுதானே! பிறர் உரிமை வீழ்ந்தது" என்றார் நண்பர்.

"அதே கத்தி உன் கழுத்துக்கும் வரும். உன் விளக்கத்தாளை வெள்ளிக்கிழமை ஊருக்குக் கொடுத்தால், திங்கட்கிழமை உன் கருவியே பழையதாகிவிடும். உன் விண்ணப்பத்துக்கு எதிரான சான்று உன் தாளாகவே இருக்கும்" என்றேன்.

மைய அரசு அறிவிக்கும் சில கண்காட்சிகளுக்கும், அறிஞர் கழகங்களில் படிக்கும் கட்டுரைகளுக்கும் நம் நாட்டுச் சட்டம் பன்னிரண்டு மாதத் தவணை தருகிறது. ஆனால் நம் கல்லூரிக் கண்காட்சி அதில் தானாக அடங்கிவிடாது. அயல்நாடுகள் பலவற்றில் அத்தவணையும் கிடையாது.

கதையும் கவிதையும் எழுதுவோர்க்கு இத்தொல்லை இல்லை. எழுதிய அன்றே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. ஆசிரியர் மறைந்த பின்னும் அறுபது ஆண்டு நிற்கிறது. கருவி செய்தவரோ கேட்டுத்தான் பெறவேண்டும். கிடைத்தால் விண்ணப்ப நாளிலிருந்து இருபது ஆண்டு. அதற்கு ஈடாகத் தம் நுட்பத்தை உலகறிய எழுதிக்கொடுக்கவேண்டும்.

முதலில் தற்காலிக விவரம் கொடுத்து நாளைப் பதிந்துகொள்ளலாம். முழு விவரத்துக்குப் பன்னிரண்டு மாதம் உண்டு. கர்நாடகத்து விண்ணப்பங்கள் சென்னை அலுவலகத்துக்கே செல்கின்றன. இணைய வழியாகவும் அனுப்பலாம். கல்லூரி ஆய்வகத்தில் செய்த பொருளாயின், உரிமை யாருக்கு என்பதையும் முன்னரே கேட்டறிவது நலம்.

வெள்ளிக்கிழமை வந்தது. கண்காட்சியில் நண்பரின் மேசை வெறுமையாக இருந்தது. பரிசு வேறொருவருக்குப் போயிற்று. அவர் தாயார் மட்டும் விருந்தினர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, அக்கருவியை ஒருமுறை இயக்கிப் பார்த்தார்கள். நண்பர் இப்போது இரவில் கண்விழித்து விவரம் எழுதுகிறார்.

உங்களுள் எவரேனும் புதியது ஒன்று செய்திருந்தால், மேடையேறும் முன் ஒரு கணம் நில்லுங்கள். முதலில் விண்ணப்பம்; பின்னரே விளம்பரம்.