பஞ்சமி நிலத்துக்கு நான்கு பொட்டலம்

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையை அடுத்து, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள். காஞ்சிபுரமும் அன்று அந்த மாவட்டம்தான். பலருக்குக் கிடைத்தது தரிசு. அதிலும் பெரும்பகுதி கைமாறிப் போனது. மீட்பு கேட்டு 1994 அக்டோபரில் திரண்டபோது, துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தனர்.

மிச்சமிருக்கும் அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் யூரியா செலவைக் குறைக்க உதவுவது அசோஸ்பைரில்லம். காற்றிலுள்ள தழைச்சத்தை வேரருகே சேர்க்கும் நுண்ணுயிர். பாஸ்போபாக்டீரியா, மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும். நெல்லுக்கு ஏக்கருக்கு ஒவ்வொன்றிலும் 200 கிராம் பொட்டலம் 4. மக்கிய தொழுவுரம் 10 கிலோ, மண் 10 கிலோவுடன் கலந்து நடவுக்கு முன் தூவலாம். ரசாயன உரத்தோடு கலக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள், நுண்ணுயிர் செத்துவிடும். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

வேளாண் விரிவாக்க மையங்களில் மானிய விலையில் தருகிறார்கள். மானியம் என்றால் சிட்டா கேட்பார்கள். பாட்டன் பெயரிலேயே பட்டா கிடக்கும் குடும்பங்கள் பெயர் மாற்றத்துக்கு இப்போதே மனு கொடுப்பது நல்லது.