ஒட்டி முடித்தால் பறந்துவிடுமா? ஒரு மாதிரி விமானத்தின் சமநிலைக் கணக்கு

சென்ற வருடம் நெல் அறுவடை முடிந்த கையோடு, எங்கள் ஊர் வயல்வெளியில் அக்காவின் மகனும் நானும் ஒரு சிறிய விமானத்தைக் கையால் எறிந்து பறக்கவிட்டோம். கையை விட்டதும் அது மூக்கை நேராக மேலே தூக்கியது. ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு ஒரு பக்கம் சரிந்து தலைகீழாக வரம்பில் குத்தியது. மூன்று வாரங்கள் மேசையிலிருந்து ஒட்டிய விமானம் பறந்த நேரம் நான்கு செக்கன் கூட இராது.

அவன் அழவில்லை. "மாமா, றிமோட் பிழையோ?" என்று மட்டும் கேட்டான்.

றிமோட்டில் பிழை இல்லை. மோட்டரிலும் இல்லை. உடைந்த துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. விமானம் வயலில் விழவில்லை, எங்கள் மேசையிலேயே விழுந்துவிட்டது. ரேடியோ மூலம் இயக்கும் மாதிரி விமானங்களைப் பாகங்களாக வாங்கிப் பொருத்த விரும்பும் பிள்ளைகள் இப்போது வடக்கிலும் கிழக்கிலும் இருக்கிறார்கள். இணையத்தில் பார்க்கிறார்கள், காசு சேர்க்கிறார்கள், வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களது பெற்றோருக்கும் எங்கள் நான்கு செக்கனின் கணக்கு உதவக்கூடும்.

இந்தப் பொதியை 'கிட்' என்பார்கள். பெட்டியைத் திறந்தால் விமானம் இருக்காது. லேசரால் வெட்டிய மெல்லிய பல்சாப் பலகைகள், நீளமான சலாகைகள், சிறு திருகாணிகள், கம்பிகள், மேசை அளவுக்கு விரியும் ஒரு வரைபடம், இவ்வளவுதான். மோட்டர், பற்றரி, வாங்கி, றிமோட் எல்லாம் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். லிதியம் பற்றரியை விமானத் தபாலில் அனுப்பக் கட்டுப்பாடுகள் இருப்பதால் அது பிந்தியே வந்து சேரும். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதன் பின் இது ஏழைகளின் பொழுதுபோக்கு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் முதல் எறிதலில் உடைவது இவ்வளவு வலிக்கிறது.

பல்சா தென்னமெரிக்க மரம். உலகுக்குத் தேவையானதில் பெரும்பகுதி எக்குவடோரிலிருந்து வருகிறது. கையில் எடுத்தால் காய்ந்த பனை மட்டையை விடவும் பாரமற்றதாகத் தெரியும், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். ஆனால் அதன் நார்கள் ஓடும் திசையில் இழுத்தால் வியக்கத்தக்க உறுதி. 2003 ஆகஸ்ட்டில் அமெரிக்கரான மேனாட் ஹில் என்பவரின் குழு பல்சாவும் மெல்லிய பிளாஸ்ரிக் உறையும் கொண்டு செய்த ஒரு மாதிரி விமானம் கனடாவின் நியூபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்து வரை அத்திலாந்திக் கடலைக் கடந்தது. எடுத்த நேரம் ஏறக்குறைய 39 மணித்தியாலம், தூரம் 3,000 கிலோமீற்றருக்கு மேல், எரிபொருளோடு சேர்த்து எடை ஐந்து கிலோவுக்கும் குறைவு. அப்போது ஹில்லுக்கு 77 வயது, கண்பார்வையும் பெரும்பாலும் போயிருந்தது. எங்கள் பெட்டியில் இருந்ததும் அதே மரந்தான் என்று சொன்னபோது மருமகன் ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தான்.

முதல் வேலை சிறகு. வரைபடத்தைத் தட்டையான பலகையில் விரித்து, பசை ஒட்டாதிருக்க மேலே மெல்லிய பொலித்தீன் போட்டு, அதன்மேல் சலாகைகளைக் குண்டூசியால் நிறுத்தி, விலா எலும்புகள் போன்ற துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். 'தட்டையான' என்ற சொல்லைத்தான் நாங்கள் அலட்சியமாக எடுத்தோம். எங்களிடம் இருந்தது ஒரு பழைய கதவு. நடுவில் அது மூன்று மில்லிமீற்றர் வளைந்திருந்தது. கதவின் வளைவு அப்படியே சிறகில் இறங்கியது. முறுக்கிய சிறகு கொண்ட விமானம் நீங்கள் எதைச் செய்தாலும் ஒரு பக்கமாக உருளவே பார்க்கும். நல்ல வேளையாக இதற்கு மருந்து உண்டு. சிறகின் மேல் ஒட்டும் பிளாஸ்ரிக் உறை சூட்டில் சுருங்கி இறுகும் வகை. சிறகை எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு அயன் பொக்ஸால் மறுபடி சூடு காட்டினால், உறை இறுகி அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். இரண்டாவது விமானத்துக்குக் கண்ணாடி மேசையொன்றை இரவல் வாங்கினோம்.

பசையில் சிக்கனம் வேண்டும். சுப்பர் குளூ வேகமானது, ஆனால் அதன் ஆவி கண்ணை எரிக்கும், யன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மோட்டர் பூட்டும் முன்பலகைக்கும் சிறகின் இரு பாதிகள் சேரும் இடத்துக்கும் அரல்டைட் போன்ற இரட்டைப் பசை தேவை. மற்ற இடங்களுக்குச் சாதாரண மரப்பசை போதும். அது காயும்வரை ஒரு இரவு பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் பொறுக்கவில்லை. வால் ஆடுவதுபோல் தெரிந்ததும் மேலும் பசையைப் பூசினோம். அது போதாதென்று இரண்டு பல்சாத் துண்டுகளை முட்டுக் கொடுத்தோம். பிறகு நிறுத்துப் பார்த்தபோது வாலில் மட்டும் நாங்கள் கூட்டிய பாரம் 18 கிராம். ஒரு தேக்கரண்டிச் சீனி நாலைந்து கிராம் இருக்கும். அப்படி நாலு கரண்டிக்குக் கிட்டத்தட்ட.

18 கிராம் என்ன பெரிய பாரமா? இங்கேதான் கணக்கு வருகிறது.

பட்டம் கட்டிய எவருக்கும் முச்சையின் அருமை தெரியும். கொக்கோ படலமோ எட்டுமூலையோ, எவ்வளவு அழகாகக் கட்டினாலும் முச்சை ஒரு விரற்கடை தவறினால் பட்டம் குத்தும், அல்லது ஏறாமல் அடம் பிடிக்கும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று ஏறும் பட்டங்களைச் செய்பவர்கள் முச்சைக்காக எத்தனை முறை அவிழ்த்துக் கட்டுகிறார்கள் என்று பார்த்தாலே போதும். நூலில்லாத விமானத்துக்கு முச்சை இல்லை. அதன் இடத்தில் இருப்பது பாரமையம், அதாவது விமானத்தை ஒரு விரலில் தூக்கினால் மூக்கும் வாலும் சமமாக நிற்கும் புள்ளி. பழகுவோருக்கான விமானங்களில் இந்தப் புள்ளி சிறகின் முன்விளிம்பிலிருந்து, சிறகின் அகலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் விழ வேண்டும். எங்கள் சிறகின் அகலம் 200 மில்லிமீற்றர். ஆக 50 இற்கும் 66 இற்கும் நடுவில். வரைபடம் 60 என்று சொன்னது. எங்கள் விமானத்தில் அது 90 இல் இருந்தது.

30 மில்லிமீற்றர் எங்கிருந்து வந்தது? விமானத்தின் மொத்த எடை 960 கிராம். வாலில் கூடிய 18 கிராம், பாரமையத்திலிருந்து 600 மில்லிமீற்றர் பின்னால் இருக்கிறது. 18 ஐ 600 ஆல் பெருக்கினால் 10,800. பற்றரி 180 கிராம். மூக்கோடு ஒட்டி வைக்க வேண்டியதை, கழற்ற வசதியாக இருக்கட்டும் என்று 100 மில்லிமீற்றர் பின்னால், சிறகின் கீழே வைத்தோம். அது 18,000. இரண்டும் சேர்ந்து 28,800. அதை 960 ஆல் வகுத்தால் சரியாக 30. பள்ளிக்கூடத்தில் படித்த திருப்புதிறன் இவ்வளவு நேர்மையாக நடந்துகொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பாரம் முன்னால் இருக்கும் விமானம் காற்றில் மூக்கைத் தூக்கினால் அதன் வால் மூக்கைத் திரும்ப இறக்கிவிடும். பாரம் பின்னால் போகப்போக வாலின் இந்தத் திருத்தும் பலம் குறைகிறது. ஒரு எல்லையைத் தாண்டினால் சிறிது தூக்கிய மூக்கு மேலும் தூக்கிக்கொண்டே போகும், வேகம் குறையும், சிறகு தாங்கும் சக்தியை இழக்கும், விமானம் விழும். றிமோட்டில் எவ்வளவு விரைவாகக் கையை ஆட்டினாலும் பழகாதவரால் அதைப் பிடிக்க முடியாது. மூக்குப் பாரமான விமானமோ சோம்பலாகத்தான் பறக்கும், ஆனால் வீட்டுக்குத் திரும்பி வரும். சந்தேகமென்றால் முன்னுக்குச் சாய்வதே பாதுகாப்பு.

வாலில் கூட்டிய பாரத்தை மூக்கில் ஈயம் வைத்து ஈடுசெய்யலாந்தான். ஆனால் மூக்கு பாரமையத்துக்கு 250 மில்லிமீற்றர் முன்னால் மட்டுமே இருப்பதால், 18 கிராமுக்குப் பதிலாக 43 கிராம் வைக்க வேண்டும். இப்போது விமானமே பாரம். எங்கள் சிறகின் பரப்பு 120 சென்ரிமீற்றர் நீளம், 20 அகலம், அதாவது 24 சதுர டெசிமீற்றர். 960 கிராமில் ஒரு சதுர டெசிமீற்றர் 40 கிராமைச் சுமக்கிறது. பழகுவோருக்கு இது நல்ல அளவு. இது கூடினால் விமானம் வேகமாகப் பறந்தால்தான் தாங்கும், வேகமாகவே தரையிறங்கும்.

மின்பகுதி உண்மையில் இலகு. மூன்று அறைகள் கொண்ட லிதியம் பொலிமர் பற்றரி, முழுதாக ஏற்றினால் 12.6 வோல்ற்று. அதற்கென்றே உள்ள சமப்படுத்தும் சார்ஜர் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. ஊதிப் பெருத்த பற்றரியைப் பாவிக்கவும் கூடாது, ஏற்றும்போது விட்டுவிட்டுப் போகவும் கூடாது. தீப்பிடித்தால் மரவீடு போல எரியும். புரொப்பெல்லரை எல்லாச் சோதனையும் முடிந்த பின், கடைசியாகப் பூட்டுங்கள். தவறுதலாக மோட்டர் சுழன்றால் விரல் போகும். றிமோட்டை முதலில் போட்டு விமானத்தைப் பிறகு, நிறுத்தும்போது விமானத்தை முதலில்.

இன்னொரு பிழை ஆட்களை அடிக்கடி கவிழ்க்கிறது. சிறகின் பின்விளிம்பில் இரண்டு சிறு மடல்கள் உண்டு. விமானத்தின் பின்னால் நின்று றிமோட்டின் பிடியை வலப்புறம் தள்ளினால், வலப்பக்க மடல் மேலே எழ வேண்டும். கம்பியை மாற்றிப் பூட்டியிருந்தால் அது கீழே இறங்கும், விமானம் நீங்கள் சொன்னதற்கு நேரெதிராக உருளும். மேசையில் இது அரை நிமிடச் சோதனை. விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரிவது வேறு சிக்கல். அப்போது எந்தச் சிறகு தாழ்கிறதோ அந்தப் பக்கம் பிடியைத் தள்ளினால் அது நிமிரும்.

இனி அனுமதி. முதல் தடவை இதை நாங்கள் யோசிக்கவே இல்லை, அது எங்கள் தவறு. ஆளில்லா வான்கலங்களைப் பறக்கவிடுவதை இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகார சபை ஒழுங்குபடுத்துகிறது. எடையைப் பொறுத்து விதிகள் மாறுகின்றன. றிமோட் ஒரு வானலைக் கருவி என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் சம்பந்தப்படுகிறது, பாதுகாப்பு அமைச்சும் வருகிறது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குச் சில நாட்களில் இவற்றைப் பறக்கவிடுவதே நிறுத்திவைக்கப்பட்டது. அதே வருடம் ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. அதன் பக்கம் எதையும் ஏற்ற நினைக்கவே கூடாது. வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள்.

விதி ஒரு பக்கம், ஊர் இன்னொரு பக்கம். புது மோட்டரை முற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது அம்மா குசினியிலிருந்து வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். "வண்டு மாதிரிக் கிடக்கு" என்றார். வன்னியில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. வேவு விமானத்துக்கு அன்று சனம் வைத்த பெயர் அது. அது சுற்றினால் பின்னால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். டோர்ச் பற்றரியே வடக்குக்கு வரத் தடையிருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு வளர்ந்தவன் நான். என் மருமகனுக்கு பற்றரி என்பது சார்ஜரில் கிடக்கும் ஒரு பொருள். அவனுக்கு அம்மம்மா ஏன் மேலே பார்த்தார் என்பது புரியவில்லை. சொன்னேன். அதற்குப் பிறகு அவனே அயல் வீடுகளுக்குப் போய், தான் செய்வது இன்னதென்று காட்டிவிட்டு வந்தான். பறக்கவிட நினைப்பவர்கள் இதைச் செய்யுங்கள். கடதாசி தராத அனுமதி ஒன்று அயலவரிடம் இருக்கிறது.

இரண்டாவது விமானம் முடிந்துவிட்டது. இம்முறை வாலில் ஒரு சொட்டுப் பசை கூடவில்லை. பற்றரி மூக்கோடு ஒட்டிக் கிடக்கிறது. 60 மில்லிமீற்றரில் இரு விரல்களால் தூக்கினால் மூக்கு இம்மியளவு தாழ்ந்து நிற்கிறது. சோளகம் ஓயும்வரை எப்படியும் பறக்கவிட முடியாது. விடியற்காலையில் காற்று எழும் முன் ஒரு அரை மணித்தியாலம் கிடைத்தால் உண்டு. விண்ணப்பத்துக்கும் பதில் இன்னும் வரவில்லை. விமானம் விறாந்தை வளையில் நூலில் தொங்குகிறது. பற்றரியைச் சேமிப்பு நிலையான 11.4 வோல்ற்றில் நிறுத்தி, மண் போட்ட சட்டிக்குள் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மீற்றரைப் பிடித்துப் பார்த்து, அளவைக் கொப்பியில் எழுதி வைக்கிறான்.