பழைய மடிக்கணினியைத் தூக்கி எறியாதீர்கள்!

2025-ஆம் ஆண்டு தீபாவளி முடிந்து இரண்டு நாள் இருக்கும். எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர், துண்டில் சுற்றிய மடிக்கணினியோடு என் வீட்டுப் படியேறினார். மனைவியும் கூட வந்திருந்தார்.

"சார், இது இனிமே லாயக்கில்லைன்னு கடையில சொல்லிட்டாங்க. புதுசுதான் வாங்கணுமாம். மக நாலாம் படிவம் படிக்குது."

அந்த அம்மாளின் கை கழுத்துச் சங்கிலியைத் தடவிக்கொண்டிருந்தது. அடகுக் கடை நினைவு என்று எனக்குப் புரிந்தது.

"அண்ணே, கணினி சாகவில்லை. அதன் கங்காணிதான் வேலையை விட்டுப் போய்விட்டார்" என்றேன்.

கணினிக்குள் எல்லா வேலையையும் ஏவுவது இயங்குதளம். அண்ணனுடையது 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதனால் கணினி நின்றுவிடாது. ஆனால் திருடன் நுழையும் ஓட்டைகளை அடைக்க இனி ஆள் வராது. பதிவு செய்துகொள்வோருக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டுத் தவணை கொடுத்தார்கள். தவணை தவணைதானே? விண்டோஸ் 11-ஓ 2018-க்கு முந்திய கணினிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

காசில்லாமல் கிடைக்கும் மாற்று லினக்ஸ். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு அடித்தளமும் அதுவே. கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். ஏழைக்குப் போடும் பிச்சை என்று யாரும் எண்ண வேண்டாம்.

லினக்ஸில் வகைகள் ஏராளம். நான் 'லினக்ஸ் மின்ட்' எடுத்தேன். பார்வைக்கு விண்டோஸ் சாயல். பிள்ளைகள் மிரள மாட்டார்கள். அதிலும் 'எக்ஸ்எஃப்சிஇ' என்ற வகை இலேசானது. 4 ஜிபி நினைவகம் இருந்தால் நிம்மதியாக ஓடும். கூகுளின் 'குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ்' கூட இலவசம்தான். ஆனால் இணையம் இல்லையென்றால் அதற்குப் பாதிக் கை ஒடிந்த மாதிரி. இடி இடித்தால் லைன் போய்விடும் நம் லயத்து வீடுகளுக்கு அது சரிப்படாது என்பது என் கருத்து.

இதில் பெரிய வசதி ஒன்றுண்டு. 8 ஜிபி விரலியில் மின்டை ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். நீங்களாக 'நிறுவு' என்று சொல்லாதவரை உள்ளே இருப்பது அழியாது. மகளை உட்கார வைத்தேன். வைஃபை பிடித்தது, ஒலி வந்தது. பள்ளியின் 'டெலிமா' பக்கம் ஃபயர்ஃபாக்ஸில் திறந்தது. அவளுடைய கட்டுரை லிப்ரெஆபிஸில் திறந்தாலும் அட்டவணை ஒன்று இடம் மாறிக் கிடந்தது. மைக்ரோசாப்ட் ஆபிஸை இதில் நேராக நிறுவ முடியாது. தமிழ்99 விசைப்பலகையை மட்டும் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

நிறுவுமுன் படங்களையும் பாடங்களையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு மூத்தவளின் முதல் பிறந்தநாள் படங்களை அழித்தவன். வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அண்ணன் வீட்டுப் படங்களை நகலெடுக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. நிறுவும் வேலை அதைவிடச் சீக்கிரம் முடிந்தது. அந்த வாரமே மகள் தமிழ்க் கட்டுரையை அதில் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டாள். தம்பிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய விளையாட்டு ஒன்று இதில் ஓடவில்லையாம்!