5ஜி வந்தாச்சு, 3ஜி போயாச்சு... 2ஜி மட்டும் ஏன் இன்னும் ஓடுது?

தூத்துக்குடியிலிருந்து நெல்லை போகும் சாலையில் இருக்கிறது புதுக்கோட்டை. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது உங்கள் போனில் 5ஜி காட்டலாம். பக்கத்து சீட்டில் இருக்கும் பெரியவர் கையில் பட்டன் போன். இரண்டுக்கும் சிக்னல் வருவது ஒரே டவரிலிருந்தாக இருக்கலாம்.

இந்தியாவில் முதல் மொபைல் அழைப்பு 1995 ஜூலை 31-இல் நடந்தது. 5ஜி 2022 அக்டோபரில் வந்தது. இவ்வளவு வருஷம் கழித்தும் அந்தப் பழைய 2ஜி ஏன் ஓடிக்கொண்டிருக்கிறது?

நடுவில் வந்த 3ஜி ஏன் முதலில் போனது?

பிஎஸ்என்எல் 2009 பிப்ரவரியில் சென்னையில் 3ஜி சேவையைத் தொடங்கியது. ஏர்டெல் 2020-லேயே தன் 3ஜியை மூடிவிட்டது. காரணம் எளிது. இன்டர்நெட் வேலையை 4ஜி இன்னும் நன்றாகச் செய்தது. பேசுவதற்கு 2ஜியே போதும். 3ஜிக்கென்று தனி வேலை இல்லை.

இடம் அடைப்பதிலும் வித்தியாசம் உண்டு. ஒரு 3ஜி அலைவரிசைக்கு 5 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். 2ஜிக்கு 200 கிலோஹெர்ட்ஸ், அதாவது அதில் 25-இல் ஒரு பங்கு, போதும். அந்தச் சின்ன இடத்தையும் நேர அடிப்படையில் 8 துண்டாகப் பிரித்துப் பலர் பேசலாம். அதனால் ஓரத்தில் 2ஜிக்குக் கொஞ்சம் விட்டுவிட்டு, மீதியை 4ஜிக்குக் கொடுக்க முடிந்தது.

புதுக் கருவியில் பழசு எப்படி ஓடுகிறது?

முன்பு 2ஜிக்கு ஒரு பெட்டி, 3ஜிக்கு ஒரு பெட்டி என்று டவரடியில் தனித்தனியாக இருக்கும். இப்போது வரும் ரேடியோ கருவிகளில் பல, 2ஜியையும் 4ஜியையும் சேர்த்தே கையாளும். எந்தத் தலைமுறையை ஓட்டுவது என்பதைப் பெரும்பாலும் மென்பொருளே முடிவு செய்கிறது. ஆனாலும் இது இலவசம் இல்லை. அலைவரிசை, மின்சாரம், பராமரிப்பு எல்லாமே செலவுதான்.

ஜியோ இந்தச் செலவே வேண்டாம் என்று 2016 செப்டம்பரில் 4ஜியோடு மட்டும் களமிறங்கியது. 30 கோடி பேர் 2ஜியில் சிக்கியிருக்கிறார்கள், அதை வரலாறாக்க வேண்டும் என்று 2020-இல் முகேஷ் அம்பானி பேசினார். 2023-இல் 999 ரூபாய்க்கு 4ஜி பட்டன் போனையும் ஜியோ கொண்டுவந்தது.

மூடினால் யாருக்குச் சிக்கல்?

பழைய பட்டன் போனுக்கு 4ஜி தெரியாது. 2ஜி போனால் அது வெறும் டார்ச் லைட்தான். வங்கி ஓடிபி, ஆதார் ஓடிபி, கேஸ் புக்கிங் எல்லாம் அதோடு நிற்கும். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்காக ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் கொண்டுவந்த ‘யுபிஐ 123பே’ வசதியும் சாதாரண அழைப்பை நம்பியதுதான்.

மனிதர்கள் மட்டுமல்ல. வயல் மோட்டாரை வீட்டிலிருந்தே போடும் சிம் ஸ்டார்ட்டர், பழைய கார்டு மெஷின், வண்டியில் மாட்டிய ஜிபிஎஸ் கருவி எனப் பல 2ஜியில் ஓடுகின்றன. போனை மாற்றுவது சுலபம், இவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்ற வேண்டும். சிங்கப்பூர் 2017 ஏப்ரலில் 2ஜியை மூடியது. அது ஒரே நகரம். நம் அளவு வேறு.

ஆபத்தும் இருக்கிறதா?

இருக்கிறது. 2ஜியில் டவர்தான் உங்கள் சிம்மைச் சோதிக்கும். அந்த டவர் நிஜமா என்று போன் சோதிக்காது. 4ஜியில் இரண்டு பக்கமும் சோதனை உண்டு. இந்த ஓட்டையில் போலி டவர் வைத்து, சுற்றியுள்ள போன்களுக்கு மோசடி எஸ்எம்எஸ் தள்ளுகிறார்கள். 2024-இல் பிரிட்டனில் இதற்காகக் கைதே நடந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஆண்ட்ராய்டு 12 முதல் பல மாடல்களில் சிம் செட்டிங்ஸுக்குள் ‘2ஜி அனுமதி’ என்ற வசதி இருக்கிறது. நகரத்தில் நல்ல 4ஜி இருந்தால் அதை அணைத்துவைக்கலாம். ஊருக்குப் போகும்போது மறக்காமல் திரும்பப் போடுங்கள். 2ஜி மட்டும் கிடைக்கும் இடத்தில் சாதாரண அழைப்பு வராது.

வீட்டில் அப்பாவோ ஆச்சியோ பட்டன் போன் வைத்திருந்தால், அடுத்த முறை மாற்றும்போது 4ஜி வாய்ஸ் வசதி உள்ள பட்டன் போனாகப் பார்த்து வாங்குங்கள். என்றைக்காவது 2ஜி நின்றாலும் அவர்கள் அழைப்பு நிற்காது.