ஆறு சென்டிமீட்டர் தண்ணீரும் ஒரு செவிலியரும்

ஏழு, எட்டு மாதத்திலேயே பிறந்துவிடும் குழந்தையின் நுரையீரலில் காற்றுப்பைகள் இருக்கும். ஆனால் அவற்றை விரிந்த நிலையில் வைத்திருக்கும் வழவழப்பான பூச்சு போதிய அளவு இல்லாமல் போகலாம். சர்ஃபாக்டன்ட் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தப் பொருள், கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் வேண்டிய அளவு சுரக்கிறது. அது இல்லாதபோது, மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு முறையும் காற்றுப்பைகள் நனைந்த பாலித்தீன் பை மாதிரி உள்ளுக்குள் ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த மூச்சுக்கு அவற்றை மறுபடியும் பிரித்தெடுக்க வேண்டும். ஒரு கிலோ சொச்சம் எடையுள்ள உடம்பு நிமிடத்துக்கு அறுபது, எழுபது முறை இந்தப் போராட்டத்தை நடத்திச் சில மணி நேரத்தில் களைத்துப்போகிறது.

1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே நோயால் இரண்டு நாள்கூட நிறையாமல் இறந்தான். சர்ஃபாக்டன்ட் குறைவுதான் காரணம் என்பதை மேரி எலன் ஏவரியும் ஜெரே மீடும் 1959-லேயே கண்டு சொல்லியிருந்தார்கள். காரணம் தெரிந்திருந்தும், அதிபரின் பிள்ளைக்குக்கூடக் கொடுப்பதற்கு அன்று பலன் தரும் சிகிச்சை இல்லை.

ஆக்சிஜன் மட்டும் ஏன் போதாது?

மூடிக்கொண்ட காற்றுப்பைக்குள் ஆக்சிஜன் நுழைய முடியாது. முதலில் கதவு திறந்திருக்க வேண்டும். குழந்தைக்கே இது தெரிந்ததுபோல அதன் உடல் ஒரு வழி தேடுகிறது. தொண்டையைப் பாதி மூடிக்கொண்டு மூச்சை விடுகிறது. அதனால் உள்ளே கொஞ்சம் அழுத்தம் தங்குகிறது. நமக்குக் கேட்கும் அந்த முனகல், தன் நுரையீரலை மூடவிடாமல் காக்கக் குழந்தை செய்யும் முயற்சி.

அந்த முயற்சியை வெளியிலிருந்து தாங்கிப் பிடிப்பதுதான் சிபேப் என்னும் சிகிச்சை. குழந்தை தானாகவே மூச்சு விடும். நாம் மூக்கின் வழியாக இடைவிடாத மென்மையான அழுத்தத்தை மட்டும் தருகிறோம். 1971-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரெகரியும் அவருடைய குழுவினரும் 20 குழந்தைகளுக்கு இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். 16 குழந்தைகள் பிழைத்தன. பச்சிளங்குழந்தை மருத்துவத்தின் போக்கை மாற்றிய சிகிச்சைகளில் இது ஒன்று.

இதை மிக எளிய வடிவில் செய்வதற்குத் தண்ணீர் நிரம்பிய பாட்டில் போதும். காற்றும் ஆக்சிஜனும் கலந்து ஒரு குழாய் வழியாக மூக்குக்கு வருகின்றன. வெளியேறும் குழாயின் நுனி தண்ணீருக்குள் எத்தனை சென்டிமீட்டர் அமிழ்ந்திருக்கிறதோ, அதுவே குழந்தைக்குக் கிடைக்கும் அழுத்தத்தின் அளவு. பெரும்பாலும் ஐந்து, ஆறு சென்டிமீட்டரில் தொடங்குவார்கள். குமிழி வந்துகொண்டிருந்தால் அழுத்தம் இருக்கிறது. நின்றுவிட்டால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது குழாய் கழன்றுவிட்டது. திரையும் அலாரமும் இல்லாத வார்டில் இந்தக் குமிழியே செய்தி சொல்கிறது.

பிளான்டயரில் நடந்தது

ஆப்பிரிக்காவின் மலாவி, குறைமாதப் பிறப்பு விகிதத்தில் உலகின் முதல் வரிசையில் வைத்துப் பேசப்பட்ட நாடு. அங்கே பிளான்டயர் நகரிலுள்ள குயின் எலிசபெத் மத்திய மருத்துவமனையின் தேவையை மனத்தில் வைத்து, ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு கருவியை வடிவமைத்தார்கள். காற்றைத் தள்ளுவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது மீன்தொட்டியில் ஓடும் வகைப் பம்புகளை. புமானி என்று பெயரிடப்பட்ட அந்தக் கருவியின் விலை, வழக்கமான சிபேப் கருவிகளின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

அந்த மருத்துவமனையில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், ஆக்சிஜன் மட்டும் பெற்ற குழந்தைகளில் 44 சதவீதம் பிழைத்திருந்தன. சிபேப் பெற்றவற்றில் 71 சதவீதம். சர்ஃபாக்டன்ட் குறைவால் மூச்சுத்திணறிய குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் வித்தியாசம் இன்னும் பெரிது: ஏறத்தாழ 24 சதவீதத்திலிருந்து 65 சதவீதத்துக்கு உயர்ந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் வென்டிலேட்டரும் விலையுயர்ந்த சர்ஃபாக்டன்ட் மருந்தும் எட்டாத மருத்துவமனையில் இது பெரிய மாற்றம். பிறகு மலாவியின் மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் இந்தச் சிகிச்சை சென்றது.

அதே நாடு தந்த எச்சரிக்கை

குழந்தைகளின் நிமோனியாவுக்கும் இதே முறை உதவுமா என்ற கேள்வி எழுந்தது. டாக்கா மருத்துவமனையில் மருத்துவர் ஜோபாயர் சிஷ்டியும் குழுவினரும் ஷாம்பு பாட்டிலை வைத்து இதே குமிழி முறை சிபேப்பை அமைத்துக் கொடுத்தார்கள். 2015-ல் வெளியான முடிவுகளில், வழக்கமான ஆக்சிஜன் பெற்றவர்களில் 15 சதவீதமும் சிபேப் பெற்றவர்களில் 4 சதவீதமும் இறந்திருந்தார்கள்.

மலாவியின் சலிமா மாவட்ட மருத்துவமனையில் முடிவு நேர்மாறாக இருந்தது. ஒரு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட, எச்.ஐ.வி. தொடர்போ சத்துக்குறைவோ ஆக்சிஜன் குறைவோ கொண்ட நிமோனியாக் குழந்தைகளை வைத்து அங்கே ஆய்வு நடந்தது. சிபேப் பெற்றவர்களில் 17 சதவீதமும் ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 11 சதவீதமும் இறந்தார்கள். ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது.

குழந்தைகளின் வயதும் நோயும் வேறு. ஆகவே இதைப் பச்சிளங்குழந்தைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஒரு வேறுபாட்டை என்னால் கடந்து செல்ல முடியவில்லை. டாக்காவில் மருத்துவர்கள் அருகிலேயே இருந்தார்கள். சலிமாவில் மருத்துவரின் நேரடி மேற்பார்வை இல்லை. கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ள ஆள் போடாமல் போவது எனக்குப் பெரும் அநீதியாகவே படுகிறது.

செவிலியரின் கையில் இருப்பவை

மூக்குக்குள் செல்லும் மென்குழாய் குழந்தையின் மூக்களவுக்குப் பொருந்த வேண்டும். சிறிதாக இருந்தால் காற்று கசியும். இறுக்கி வைத்தால் இரு துளைகளுக்கும் நடுவிலுள்ள மெல்லிய சுவர் புண்ணாகும். கவனிக்காமல் விட்டால் அரித்தே போய்விடும். அதனால் குழாய்க்கும் அந்தச் சுவருக்கும் இடையே சிறு இடைவெளி இருக்கிறதா என்று ஒவ்வொரு ஷிப்டிலும் பலமுறை பார்க்க வேண்டும். குழாயைத் தாங்கும் தொப்பி தளர்ந்துவிடக் கூடாது. காற்றில் ஒரு பங்கு வயிற்றுக்குள்ளும் போகும்; வாய்வழியாக இரைப்பைக்கு ஒரு மெல்லிய குழாயை விட்டு வயிற்றுக் காற்றை வெளியேற்ற வேண்டும். சளி கட்டினால் எடுக்க வேண்டும். குழந்தை திடீரென்று மோசமானால் நுரையீரலிலிருந்து நெஞ்சுக்குள் காற்று கசிந்திருக்கிறதா என்று உடனே யோசிக்க வேண்டும்.

உடல் சூடு இன்னொன்று. சிபேப் கிடைத்தும் உடல் குளிர்ந்துபோன குழந்தைகள் பிழைப்பது குறைவு என்பதை மலாவி மருத்துவமனைகளே காட்டின. சூடும் ஈரப்பதமும் இல்லாத காற்று மூக்கை உலர்த்திவிடும்.

பிறகு ஆக்சிஜன் அளவு. குறைமாதக் குழந்தைக்கு அளவுக்கு மீறிய ஆக்சிஜன் விழித்திரையைக் கெடுக்கும். 1940, 50-களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இப்படிப் பார்வை இழந்தார்கள். பல்ஸ் ஆக்சிமீட்டரில் 90 முதல் 95 வரை இருந்தால் போதும். நூறைத் துரத்தக் கூடாது. சிலிண்டரிலிருந்து காற்று கலக்காத ஆக்சிஜனை நேரே விட்டுப் பாட்டிலில் குமிழி வரவைக்கும் அவசர ஏற்பாட்டில் இதுதான் பெரிய ஆபத்து. புமானி போன்ற கருவி அறைக் காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து தருவது இதற்காகவே. இந்தியாவில் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு, முப்பது நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். வீட்டுக்குப் போகும்போது யாரும் சொல்லாவிட்டாலும், பெற்றோர்களே, நீங்களே கேட்டுப் பரிசோதனையைச் செய்யவையுங்கள்.

இவ்வளவையும் செய்ய வேண்டியவர், இரவு நேரத்தில் பத்து, இருபது குழந்தைகளைத் தனியாகப் பார்க்கும் ஒரு செவிலியராக இருந்தால் என்ன ஆகும்? கருவிக்குப் பணம் ஒதுக்கும்போதே செவிலியர் பணியிடத்துக்கும், தேய்ந்துபோகும் மூக்குக் குழாய்களுக்கும், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மின்தடையின்போது ஓடுவதற்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும்.

பிறக்கும் முன்பே ஓர் ஊசி

குறைப்பிரசவம் நேரும் என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர அது உதவும். நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 1972-ல் இதை நிறுவினார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வும் பச்சிளங்குழந்தை இறப்பு குறைவதை உறுதிசெய்தது. கர்ப்ப வாரத்தைச் சரியாகக் கணித்து, பிறந்த பின் கவனிக்க வசதியுள்ள மருத்துவமனையில்தான் இதைக் கொடுக்க வேண்டும். அதனால் முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. வலி முன்னதாகத் தொடங்கினால் பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போவது இன்னும் முக்கியம்.

பெற்றோர் கண்ணில் பட வேண்டியவை

நிமிடத்துக்கு அறுபதும் அதற்கு மேலுமான மூச்சு, விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவது, மூக்குத்துளை விரிவது, முனகல், உதடும் நாக்கும் நீலமாவது, பால் குடிக்க மறுப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். கிளம்பும்போது குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக்குள்ளும் தாயின் மார்பு மருந்துதான். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் மலாவி, கானா, நைஜீரியா, தான்சானியா நாட்டு மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய ஆய்வில், 1 முதல் 1.8 கிலோவுக்குட்பட்ட குழந்தைகளை, நிலைமை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்தவுடனேயே தோலோடு தோலாக அணைக்கவைத்தார்கள். முதல் 28 நாளில் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. மூக்கில் சிபேப் குழாய் இருந்தாலும் குழந்தையை அணைத்துக்கொள்ள முடியும். அதற்குத் தாயின் கட்டில் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குள்ளேயே இருக்க வேண்டும். தாயைக் கதவுக்கு வெளியே உட்காரவைத்திருக்கும் மருத்துவமனைகள் முதலில் மாற்ற வேண்டியது அந்த வழக்கத்தை.