ஒரு கைத்தொலைபேசியும் நான்கு மாணவரும்

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி எளிதிற் கிட்டிய பேறன்று. தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி புகட்டல் தோட்டத் துரையின் கடமை என 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சட்டம் இருந்தும், ஒரே கொட்டகையும் ஓராசிரியருமே பல தோட்டங்களின் பாடசாலையாய் நெடுங்காலம் நிலவின. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் அதன் முழுப் பயன் மலைக்கு ஏறி வரவில்லை. 1970களிலேதான் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிற்று. இவ்வாறு அரும்பாடுபட்டுத் திறந்த கதவு 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொள்ளைநோயினால் மூடுண்டது.

அன்று வகுப்பறை கைத்தொலைபேசிக்குட் புகுந்தது. பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகள், அலை கிட்டும் பாறையைத் தேடிக் காட்டுவழியே ஏறிச் சென்று பாடம் பயின்ற செய்தியை 2021இல் உலகமே அறிந்தது. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களிலும் மேட்டு நிலந் தேடி அலைந்த பிள்ளைகள் பலர். 2022இல் எரிபொருட் பஞ்சம் வந்தபோது மீண்டும் அதே நிலை.

பாடசாலைகள் இன்று திறந்தே இருக்கின்றன. எனினும் இணையவழிக் குழுக் கற்றல் நம்மை விட்டு நீங்கவில்லை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் அருகிய பாடசாலை மாணவருக்கு, சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளுக்கான மாலை வகுப்பு இவ்வழியே கிட்டுகின்றது. இதனை நழுவவிட்டால் மறுவாய்ப்பு எளிதன்று. இவ்வகுப்பின் பயன் கைத்தொலைபேசியின் விலையைப் பொறுத்ததன்று. வகுப்புக்கு முன் செய்யும் ஆயத்தத்தையும், கூடியிருந்து கற்கும் பழக்கத்தையும் பொறுத்ததென்பதே நாம் ஈண்டு வற்புறுத்த விழைவது.

தனியே படித்துக் கூடி வினவுக

1980இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் அச்சிட்ட பாடங்களை முன்னதாகவே மாணவர் கையிற் சேர்ப்பித்து, பின்னர் கூடும் வகுப்புகளில் ஐயந் தீர்க்கும் முறையைக் கையாண்டு வந்துள்ளது. சிறு மாணவரும் இம்முறையைப் பின்பற்றலாம். அன்றைய பாடத்தை முதல்நாளே ஒருமுறை வாசித்து, விளங்காத இடத்திற் கோடிட்டு, இரண்டு வினாக்களையேனும் எழுதி வைத்தல் வேண்டும். வெறுங்கையோடு வகுப்பிலே அமர்பவன் பார்வையாளனே. வினாவோடு அமர்பவனே மாணாக்கன்.

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்னும் இணையத்தளத்திலே பாடங்கள் தமிழிலும் உள்ளன. ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ செல்லும் நாளில், நல்ல அலை கிட்டும் இடத்திலே வேண்டியவற்றை இறக்கி வைத்துக்கொண்டால், லயத்திலே அலை இல்லாத வேளையிலும் படிக்கலாம்.

அலையும் செலவும்

கைத்தொலைபேசியின் அலை பெரும்பாலும் நேர்வழியே செல்லும் இயல்பினது. கோபுரத்துக்கும் லயத்துக்கும் இடையே மலை நின்றால் பள்ளத்திலே அது மங்கும். தகரக் கூரை அதனை மேலுந் தடுக்கும். ஆகவே லயத்து வாசல், கோயில் முன்றல், சனசமூக நிலையத் திண்ணை ஆகிய இடங்களிலே, வகுப்பு நடக்கும் அதே நேரத்தில் முன்கூட்டியே சோதித்து, தக்கதொன்றைத் தெரிந்துகொள்ளல் நலம். இருட்டியபின் பிள்ளைகளைத் தனியே மேட்டுக்கு அனுப்புதல் கூடாது. சிறுத்தை நடமாடும் தேயிலை மலை அது என்பதை மறத்தலாகாது.

முகங்காட்டி நடத்தும் ஒரு மணி நேர வகுப்பு ஏறத்தாழ ஒரு கிகாபைட் தரவை விழுங்கக்கூடும். ஒலியை மாத்திரம் கேட்டால் அதிற் பத்திலொரு பங்கும் வேண்டா. ஆசிரியர் குறிப்புகளை வட்ஸ்அப் வழியே முன்னரே படமாக அனுப்பிவிட்டு, பாடத்தை ஒலியாக நடத்துவாராயின் ஏழைப் பெற்றோரின் பணம் மிஞ்சும்.

நால்வர்க்கு ஒன்று

வீட்டுக்கொரு தொலைபேசி இருப்பினும் அது அம்மாவோடு மலைக்குக் கொழுந்து பறிக்கச் சென்றுவிடும். அல்லது கொழும்பிலே தொழில் புரியும் அண்ணன் கையில் இருக்கும். இக்குறையையே நிறைவாக்கிக்கொள்ளும் வழியொன்று உண்டு. ஒரே வகுப்பிற் பயிலும் நால்வர் ஒரு தொலைபேசியைச் சூழ்ந்து அமரட்டும். ஒருவர் குறிப்பெழுதுக, ஒருவர் கணக்கைச் செய்து காட்டுக, ஒருவர் ஐயங்களைத் தொகுத்துக் கேட்க, ஒருவர் நேரத்தையும் மின்னேற்றத்தையும் கவனிக்க. கிழமைதோறும் இப்பொறுப்புகள் மாறி வருதல் வேண்டும். தரவுச் செலவும் நான்காய்ப் பிரியும்.

வகுப்பு முடிந்ததும் தொலைபேசியை அணைத்துவிட்டு, கால் மணி நேரம் ஒருவர்க்கொருவர் பாடத்தைச் சொல்லிப் பாருங்கள். பிறருக்கு விளக்க முயலும்போதுதான் நமக்கு விளங்காதது எதுவெனத் தெரியும். நால்வருக்கும் விளங்காததையே அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் கேளுங்கள். காமன் கூத்திலே மதனும் இரதியும் தனித்தனியே ஆடிவிட்டாற் கூத்து நிறைவதில்லை; தப்பிசைப்போரும் பாடுவோரும் ஊராரும் சேர்ந்தாலன்றோ அது சிறக்கும்? கல்வியும் அத்தகையதே.

பெற்றோர்க்கு ஒரு சொல்

எட்டு மணி வேலை முடித்து வரும் தாய்மாரிடம் பாடஞ் சொல்லிக் கொடுக்குமாறு நாம் கேட்கவில்லை. வகுப்பு நடைபெறும் ஒரு மணி நேரம் காம்பிராவிலே தொலைக்காட்சியை நிறுத்துங்கள். தொலைபேசியை வகுப்புக்கென ஒதுக்குங்கள். முடிந்ததும், இன்று என்ன படித்தாய் என்று கேளுங்கள். அக்கேள்வி ஒன்றே பிள்ளையை விழிப்பாய் வைத்திருக்கும்.

ஒன்றை மாத்திரம் அழுத்திக் கூறுவோம். தொலைபேசி தம்பிக்கு, அடுப்படி அக்காவுக்கு என்று பிரித்தல் வேண்டா. நால்வர் அமரும் வட்டத்திலே பெண்பிள்ளைக்கும் ஓர் இடம் இருக்கட்டும். நாளை அத்தோட்டத்துப் பாடசாலையிலே இன்று இல்லாத கணித ஆசிரியை அவளாகவே இருத்தல் கூடும்.